ஸ்வெட்டரின் இடது கை

என் நோயின் முதல் அறிகுறி ஒரு ஸ்வெட்டரின் இடது கை. வலது கை மணிக்கட்டு வரை ஒழுங்காக வந்திருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே மெலிந்துகொண்டே போய், கடைசியில் ஒரு குழந்தையின் கை நுழையும் அளவுக்குக் குறுகிவிட்டிருந்தது. அதை மடியில் விரித்துப் பார்த்தபோது எனக்குக் கோணலாக எதுவும் தெரியவில்லை. நன்றாக வருகிறது என்றுதான் நினைத்தேன்.

நான் வேலந்தாவளத்தில் இருக்கிறேன். பாலக்காட்டு எல்லையில், வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். இங்கே உட்கார்ந்து உல்லன் நூலில் பின்னுகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். என் கணவர் கனகராஜ் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் தீவனக் கடை வைத்திருக்கிறார். "ஏனுங்க, உங்க ஊட்ல அம்மா மாட்டுக்குச் சொட்டர் போடறாங்களாமா?" என்று கடைக்கு வருகிறவர்கள் அவரைச் சீண்டுவார்கள். சீண்டட்டும். நான் பின்னுகிற தொப்பிகள் எல்லாம் மலை மேல் இருக்கிற காந்தலூரில் விலை போகின்றன. என் தங்கை மல்லிகா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்களுக்குப் பூண்டுத் தோட்டமும், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும் உண்டு. குளிர் தெரியாமல் அரைக்கைச் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

நானும் மல்லிகாவும் வடக்கே, பனிமலைப் பக்கம் உள்ள குலுவுக்குப் போவதாக இருந்தோம். சால்வை நெய்கிற இடத்தை நேரில் பார்க்க வேண்டும், நல்ல கம்பளி நூல் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரயிலுக்கு முன்பதிவும் செய்தாயிற்று. இருவரும் போட்டுக்கொள்ள ஒரே நீலத்தில் இரண்டு ஸ்வெட்டர்கள் என்பது என் திட்டம். மல்லிகாவுடையது முடிந்துவிட்டது. நான் சொன்ன அந்த இடது கை என்னுடையதில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. பாதி எனக்கு நினைவிருக்கிறது, பாதி மற்றவர்கள் சொன்னது. எது எந்தப் பாதி என்பதில் இன்றும் எனக்குக் குழப்பம் இருக்கிறது. தலை கனத்தது. இடது கையில் பிடித்த டம்ளர் நழுவியது. இடது காலில் செருப்பு இல்லாமல் கடை வரை நடந்து போயிருக்கிறேன். ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று யோசித்துவிட்டு மறுபடியும் போடுவேன். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது காலையா சாயங்காலமா என்று வாசலில் நின்றிருக்கிறேன். இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில், முடியாத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஊசி தொங்கத் தொங்கக் கடைக்குப் போய் நின்றேனாம். அளவு பார்க்கிறேன் என்று கனகராஜ் நினைத்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் கிறுக்கு என்று பேர் வாங்கியவளுக்கு நோய் வந்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்த்த மருத்துவர் ரத்தம் பரிசோதித்தார். தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி) சரியாக இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் என்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். சந்தை நாள் என்றேன். அன்று சந்தை இல்லை. டிமென்ஷியாவின் (மறதி நோயின்) தொடக்கமாக இருக்கலாம் என்றார் அவர். கனகராஜ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. அவருடைய அம்மா அந்த நோயில் வருடக்கணக்காகக் கிடந்தவர், கடைசியில் பெற்ற மகனையே யாரென்று கேட்டவர். அடுத்து அந்தக் கேள்வியை நான் கேட்பேன் என்று அவர் அன்றிலிருந்து காத்திருந்தாராம்.

ஊசி குத்திக்கொள்வேன் என்று பயந்து என் பின்னல் ஊசிகளை ஒளித்து வைத்துவிட்டார். நான் வீடு முழுக்கத் தேடினேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் சொல்ல வார்த்தை வரவில்லை. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒன்றின் மேல் ஒன்று உரசிக் காட்டினேன். அவர் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா மருத்துவர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அம்மா எங்கியாவது விழுந்தாங்களா?" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றோம். பொய் சொல்லவில்லை. நான் விழவே இல்லை.

மல்லிகா செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். பெட்டியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து இடது கையைப் பார்த்தாள். "மாமா, மறதி வந்தா ரெண்டு கையுந்தானுங்க கோணலா வரோணும்? இதென்ன ஒரு கை மட்டும்?" என்றாள். அன்றைக்கே என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள். மல்லிகாவும் இல்லை என்றுதான் சொன்னாள். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மல்லிகா என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "ஏக்கா, எங்க தோட்டத்து ஜீப்புல மேல்கம்பி மண்டைல மடார்னு இடிச்சுதே, அப்ப என்ன சொன்ன? 'என் தொப்பி போட்டிருந்ததுனால பொழைச்சேன், என் பின்னலப் பாருங்கடி'ன்னு பெருமை பேசுனயே! ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இல்லை. கனகராஜ் கேட்டார்: "எப்ப இடிச்சுது?"

"போன தடவை வந்தப்பங்க மாமா. அங்க ஜீப்புல போனா எல்லாருக்கும் இடிக்கறதுதானுங்களே. எல்லாருஞ் சிரிச்சோம்."

கனகராஜ் டோக்கன் வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மருத்துவரின் அறைக்குள் போனார். கூட்டத்தில் யாரையும் இடித்துக்கொண்டு போகாத மனிதர் அவர்.

காந்தலூர் ஜீப்பில் தலை இடிக்காதவர் யாரும் இல்லை என்பது உண்மைதான். தோட்டத்து வழி அப்படி. இடித்தவர் தலையைத் தேய்ப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், ஜீப் போய்க்கொண்டே இருக்கும். அதை அடிபட்டது என்று அங்கே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

சிடி ஸ்கேனில் (மண்டைக்குள் அடுக்கடுக்காகப் படம் எடுப்பதில்) வலது பக்கம் பிறை மாதிரி ஒன்று தெரிந்தது. சப்ட்யூரல் ஹெமட்டோமா (மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் தேங்குவது) என்றார் மருத்துவர். மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை அழுத்தியிருக்கிறது. வலது மூளைதான் இடது கையை நடத்துகிறதாம். இதயத்துக்காக நான் சாப்பிட்டு வந்த ஆஸ்பிரின் (ரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மாத்திரை) கசிவைக் கூட்டியிருக்கலாம் என்றார். "ஒரு துளை போட்டு வடிச்சிரலாம். பெரும்பாலும் திரும்பி வந்துருவாங்க," என்றார். அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கனகராஜ் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, என்ற ஊசிய எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். அவர் அழுதார். நான் எதற்கு அழுகிறார் என்று குழம்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசிகள் கடையில், பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியில் இருந்தன. இன்றும் அந்த வாசம் போகவில்லை. இடது கைக்குப் பிசியோதெரபி (தசைக்குப் பயிற்சி) கொடுத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். பந்து எனக்குச் சலித்தது. ஊசியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் என் கை எனக்குச் சொந்தமில்லாதது போல, கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. மொட்டையடித்த தலைக்கு என் தொப்பியையே போட்டுக்கொண்டேன். வேலந்தாவளத்து வெயிலில் என் பின்னலை அணியும் முதல் வாடிக்கையாளரும் நான்தான்.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் பழக்கத்தில், "எங்கயாவது விழுந்தீங்களா?" என்றார். என் தலையில் இடித்ததையெல்லாம் கனகராஜ் சொல்ல ஆரம்பித்தார். சமையலறை அலமாரிக் கதவு, குளியலறை வாசல் நிலை, பேருந்துக் கம்பி, மல்லிகா கட்டிப் பிடித்தபோது அவள் தாடை என்று எதையும் விடவில்லை. மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். குலுவுக்குப் போகலாம் என்றும் சொன்னார். மல்லிகா மறுபடி முன்பதிவு செய்திருக்கிறாள். அடுத்த மாதம் என்கிறாள். இப்போதெல்லாம் யாராவது அடுத்த மாதம் என்றால், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.

போன வாரம் அந்த நீல ஸ்வெட்டரை எடுத்தேன். இடது கையை மணிக்கட்டிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். கெட்ட வரிசைகள் சுலபமாகப் போயின. அதற்கு மேலே வந்த வரிசைகள் சரியாகத் தெரிந்தன. அங்கே நிறுத்தப் போனவள் திகைத்துவிட்டேன். அன்றைக்கும் இந்தக் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தானே தெரிந்தது? எந்த வரிசை வரை நான், எதற்குப் பிறகு நோய்? தெரியவில்லை. பயத்தில் மேலும் பிரித்தேன். எனக்கு நினைவில் இல்லாத வாரங்கள் சுருள் சுருளாக மடியில் சேர்ந்துகொண்டே இருந்தன.

"ஏனுங்க, கொஞ்சம் வந்து பாருங்க. இது சரியா இருக்குதுங்களா?"

பின்னலைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையையும் இடது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையை அந்த நீலக் கைக்குள் நுழைத்தார்.

"இங்க புடிக்குது," என்றார். ஒரு வரிசை பிரித்தேன். "இன்னுங் கொஞ்சம் புடிக்குது." இன்னும் பிரித்தேன். கையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

"இப்ப சரியாருக்குது புள்ள. இங்கிருந்து போடு."

"நெசமாவா?"

"நெசமா."

என் கண்ணை நான் நம்பவில்லை. அவர் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைச் சுற்றி அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினேன்.