என் பெயரில் புகுந்த ள

வெள்ளிக்கிழமை காலை திருவேற்காட்டில் அம்மன் சன்னதி வரிசையில் நின்றிருந்தபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வரிசையில் நிற்கும்போது நான் போன் எடுப்பதில்லை. அன்று எடுத்தேன். என் தோழி மல்லிகாவின் மகள் சுமதி. "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். மல்லிகா சிறுநீரகம் கைவிட்டுப் பல மாதமாகப் படுத்திருந்தவள்.

தரிசனம் செய்யாமலே வெளியே வந்து செருப்பைப் போடுவதற்குள் அதே செய்தி இன்னொரு முறை வந்தது. இணையப் பெயர் விற்பவர்களின் வாட்ஸப் குழுவில், அதை நடத்தும் தினகர் போட்டிருந்தார். மல்லிகாவின் படம், சுற்றிலும் பூ, கீழே "எங்கள் தொழிலின் தாய்" என்று ஒரு வரி. அதே குழுவிலிருந்து மல்லிகாவை நீக்கியவர் அவர்தான். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவளை அறிந்தவர்கள் உண்மையை அறிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பள்ளிப் படிப்பு அதிகமில்லை. கணினியும் கணக்கும் நானாகக் கற்றவை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

மல்லிகாவின் கடை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், டயர்க் கடைக்கு மாடியில். கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இணையத்தில் பெயர் பதிந்து கொடுப்பாள். பெயர் என்றால் டொமைன். இணையத்தில் ஒருவரைத் தேடிப் போகும் முகவரி. வீட்டில் நானே மஞ்சள் கிழங்கு வாங்கி, எலுமிச்சை பிழிந்து குங்குமம் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். விரதம் இருந்துதான் செய்வேன். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று போய் நின்றேன். "இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?" என்றாள். தமிழில் முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. "உன் பேரு இன்னா?" கௌரி என்றேன். "அதையே வையி. பேரு இன்னா சும்மாவா? தெனம் அதுல குடியிருக்கணும்" என்று தட்டினாள். அன்று முதல் கௌரி என்பது என் கடை. பிறகு அவள் கடைக் கணக்கை நான் எழுதத் தொடங்கினேன். பழக்கம் அப்படி வளர்ந்தது.

குங்குமம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பூந்தமல்லியிலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். எடுத்ததும் திட்டு. "அம்மன் பேர சொல்லி சாயப்பொடிய விக்கிறியே, நல்லாருப்பியா நீ? எம் பொண்ணு நெத்தி வெந்து கீது." நான் அவருக்கு எதுவும் அனுப்பவே இல்லை. அப்படிச் சொன்னால் அவர் நம்பவில்லை. உன் பெயரில்தான் வாங்கினேன் என்று சொல்லி, பொட்டலத்தின் படத்தோடு அந்தப் பெயரையும் அனுப்பி வைத்தார். பார்த்தேன். என் பெயர்தான். மறுபடி மறுபடி பார்த்தேன், என் பெயர்தான். அன்று பூஜை அறையில் விளக்கேற்ற என் கை வரவில்லை.

மல்லிகா அதைக் கணினியில் போட்டு எழுத்தெழுத்தாகப் பிரித்தாள். "கௌரின்னு எழுதறதுக்கு க-மேல ஔகாரக் குறி ஒண்ணு இருக்குல்ல, அத நீ போட்டுகீற. இவன் கெ போட்டு பக்கத்துல தனியா ள போட்டுகீறான். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு வேற வேற. இது கௌரி இல்லடி, கெ-ள-ரி." விரலால் திரையில் அந்த ள-வைக் குத்திக் காட்டினாள். தெரியாமல் அப்படித் தட்டுகிறவர்கள் தமிழில் ஏராளம். தெரிந்தே தட்டியவர் ஒருவர்.

அவர் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. அவரே கூப்பிட்டார். பௌர்ணமி என்று பெரிய நிறுவனம் வைத்து, ஆயிரக்கணக்கில் பெயர்களை வாங்கி அடுக்கி விற்கும் தினகர். "உங்க பேருக்கு ஒரு ஜோடிப் பேர் எங்ககிட்ட இருக்கு மேடம். வெளியாள் கையில இருக்கறது உங்களுக்கு நல்லதில்ல, வாங்கிக்கோங்க" என்றார். சாயப்பொடியைப் பற்றிக் கேட்டேன். "நான் பேர வாடகைக்கு விட்டேன். உள்ள என்ன விக்கிறாங்கன்னு வீட்டுக்காரன் பார்ப்பானா?" என்றார். அந்தச் சிறுமியின் நெற்றியைப் பற்றிச் சொன்னேன். "ஸோ ஸேட்" என்றார்.

நான் அம்மனிடம் விட்டுவிடலாம் என்றேன். கோயிலுக்கு அதிகம் போகாதவளான மல்லிகா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மன் கையில சூலம் இன்னாத்துக்கு கீது? மாங்கா பறிக்கவா?"

பெயர் வியாபாரிகளின் ஆண்டு மாநாடு அந்த முறை வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கழுத்தில் பட்டையும் அட்டையும் மாட்டிக்கொண்ட கூட்டம். பெயர்களை நிலம்போலப் பேசி விற்கிறார்கள். மேடையில் தினகர், 'இணையத்தில் நம்பிக்கை' என்று பேசினார். முடித்ததும் மல்லிகா மைக்கை வாங்கினாள். என் இரண்டு பெயரையும் சொல்லி, "ஒரு பொம்பள பேருக்குள்ள ஒரு எழுத்த சொருகி வச்சினு அதுல வெஷத்த விக்க வாடகைக்கு வுட்டுகீறீங்களே, இதுவும் நம்பிக்கைல சேர்த்தியா?" என்று கேட்டாள்.

"மேடம், உணர்ச்சி வேற, தொழில் வேற" என்றார் தினகர். "இந்தத் தொழில்ல ஒரே சட்டம். முதல்ல வந்தவருக்கு. நீங்க அந்தப் பேரையும் சேர்த்து வாங்கியிருக்கணும்." அரங்கம் கைதட்டியது. இன்று கைகூப்பும் படம் போடுகிறவர்களில் பாதிப்பேர் அன்று கைதட்டியவர்கள். முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நிகழ்ச்சியை நடத்தியவர் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் தட்டை வாங்கிக்கொண்டு மல்லிகா ஓரமாக ஒதுங்கினாள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே மாநாட்டுக்காரர்கள் போனில் அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். பேச்சாளர்களின் நிறுவனப் பெயரை அழுத்தினால் அவரவர் பக்கம் திறக்கும்படி செய்திருந்தார்கள். பௌர்ணமியை அழுத்தினாள். எதுவும் திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கௌரி, தட்ட புடி."

"என்ன?"

"நிரல எவனோ அவசரத்துல தட்டிகீறான். பௌ இல்ல. பெ போட்டு ள. அந்தப் பேரு யார்கிட்டயும் இல்ல. ஊரான் பேருக்கெல்லாம் ஜோடி வாங்கினவன் சொந்தப் பேருக்கு வாங்கல பாரு."

இரண்டு தட்டையும் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயே, மோர்மிளகாய்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், தன் கடைக் கணக்கிலிருந்து பெளர்ணமியை வாங்கினாள். பூந்தமல்லி அம்மா அனுப்பிய சாயப்பொடிப் பொட்டலத்தின் படத்தை அதில் ஏற்றி, கீழே ஒரே வரி எழுதினாள்: "இந்தப் பொடியை விற்ற பெயரின் சொந்தக்காரர் பௌர்ணமி தினகர்." பிறகு தட்டை வாங்கிச் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பிற்பகலில் தினகர் மறுபடி மேடையேறினார். "எங்க புதுத் திட்டம் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா நிரல்ல எங்க பேர அழுத்துங்க" என்றார். அரங்கமே அழுத்தியது. முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு யாரோ அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்கள். அவர் தன் போனைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் நன்றாகப் பார்த்தேன். அந்தக் காட்சிக்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. ஏகாதசி விரதத்தின்போது நினைத்தாலும் இனிக்கிறது.

வாசலில் ஓடிவந்து மறித்தார். மேடையில் மேடம் என்றவர் வெளியே அக்கா என்றார்.

"மேடம்னே கூப்டு நைனா" என்றாள் மல்லிகா. "அக்கான்னா எம் மனசு எறங்கிடும்."

"அந்த ள போட்ட கெளரிய இவங்களுக்கே மாத்திடறேன்."

"மாத்து."

"எங்க பேரு?"

"மொதல்ல வந்தவங்களுக்குன்னு சட்டம் சொன்னியே. நான் மொதல்ல வந்துட்டேன்."

அவர் அந்த ஜோடிப் பெயரை எனக்கு மாற்றித் தந்தார். தராவிட்டால் இன்னும் என்ன படம் ஏறுமோ என்ற பயம். பெளர்ணமி மட்டும் மல்லிகாவிடமே இருந்தது, அந்தப் பொட்டலத்தோடு. அதற்குப் பிறகுதான் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். அவளிடம் பெயர் வாங்க வேண்டாம் என்று ஆவடி வரைக்கும் ஆள்விட்டுச் சொன்னார். கடையில் கூட்டம் குறைந்தது. கணக்கு எழுதியவள் நான், எனக்குத் தெரியும். குறைந்த நாட்களிலும் அவள் ஒருமுறைகூட அந்தப் பெயரைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதில்லை.

கடைசி மாதங்களில் டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கிடந்தபோது அந்தப் பெயரை என் பெயருக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினேன். "நான் செத்தா அவன் மால வாங்கினு வருவான். மாலய வாங்கிக்க. பேர குடுக்காத" என்றாள்.

வந்தார். மல்லிகாவின் பருத்திப்பட்டு வீட்டில் காரியத்தன்று ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். வாசலில் வைத்திருந்த படத்துக்குப் போட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்தார். இந்த ஆண்டு மாநாட்டில் மல்லிகா பெயரில் ஒரு அரங்கு, ஆண்டுதோறும் அவள் பெயரில் விருது, முதல் அஞ்சலியை நான் மேடையேறிப் பேசலாம் என்றார். சுமதி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று அவள் கண் மின்னியது. அதுதான் என்னைக் குத்தியது.

"அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடுங்க அக்கா" என்றார். "பகைய முடிச்சாதான் அவங்க ஆத்மா சாந்தியடையும்."

"சாந்தி வேணும்னு அவ எப்பவாவது உங்ககிட்ட கேட்டாளா?" என்றேன்.

சுமதி போய்ப் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். பிறகு, "மாலைய வெளிய வைக்கட்டுமா ஆன்ட்டி, வாசல அடைக்குது" என்றாள். அவள் குரலில் அவள் அம்மாவைக் கேட்டேன். மாலை தெருவுக்குப் போனது.

பகையை வளர்ப்பது பாவம் என்று எனக்கும் சொன்னார்கள். அம்மன் முன்னால் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எனக்குக் கேட்கவில்லை. பெயரை எவ்வளவு காலத்துக்குப் புதுப்பிக்க விடுவார்களோ அவ்வளவு காலத்துக்கும் புதுப்பித்துவிட்டேன். மல்லிகாவிடமிருந்து என்னிடம் இருப்பது அவள் கோபமும் அந்த ஒரு ள-வும்தான். இரண்டையும் நான் விற்பதாக இல்லை.

அவள் பெயரில் அரங்கை நான் இல்லாமலே நடத்துகிறார்கள். நேற்று இந்த ஆண்டு நிரல் வந்தது: 'மல்லிகா நினைவரங்கம், வழங்குவோர் பெளர்ணமி.' யாரோ மறுபடியும் அவசரத்தில் ள-வைத் தட்டியிருக்கிறார்கள். பெளர்ணமி பக்கத்தில், பொட்டலத்தின் படத்துக்கு மேலே, இந்த அஞ்சலியை ஏற்றி வைத்திருக்கிறேன். அரங்கில் உட்கார்ந்து அந்தப் பெயரை அழுத்தி இங்கே வந்திருப்பவர்கள், அவளுக்காக எழுந்து நிற்கச் சொல்லும்போது எழுந்து நில்லுங்கள். நின்றபடியே தினகரின் முகத்தைப் பாருங்கள்.