தோள் கேட்ட ஊர்

போன கிழமை, மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு பை நிறையத் தக்காளிப்பழம் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. மனைவி குனிந்து எடுக்கப் போனாள். "தொடாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

"உங்களுக்கென்ன விசரே? பக்கத்து வீட்டு மனிசன் தோட்டத்திலை ஆய்ஞ்சதைக் கொண்டுவந்து வைச்சிருப்பார்."

இருக்கலாம். ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது என் கட்சி. தெருமுனை டெப்பனர் கடைக்காரர் ஒருநாள் 'போன்ஜூர்' என்கிற வணக்கத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாலே, இவன் ஏன் இன்றைக்கு இழுக்கிறான் என்று வீடு வரும்வரை யோசிக்கிற ஆள் நான். கடைசியில் பையைத் திறந்தது மனைவிதான். பச்சைக் காம்பின் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தோடு ஜப்பானின் அந்த மலையூரும் வந்து நின்றது.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், சொன்னேனே, என் புத்தி அப்படி. பட்டம் முடித்த கையோடு மொன்றியல் டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. நான் மேசையில் இருந்து செய்த முதல் வேலை அது. அதைக் கோட்டைவிட்டால் திரும்பவும் சட்டிதான். இந்தப் பயத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓர் ஆறு, ஆற்றோரம் ஒரு தெரு, அதுதான் ஊர். மலை முழுக்கச் சவுக்கு மாதிரி நிமிர்ந்த மரங்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளம் ஆட்கள் எல்லோரும் தோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, சுவரோடு ஒட்டி இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவனுக்கு ஒலிபெருக்கி என்றால் ஊரடங்குதான். இந்த மலையூரிலோ, விளையாடுகிற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி தினமும் பாட்டுப் போடுவார்களாம்.

அடுத்த நாள் விடிய வாசலில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். 'உரிமை கோரப்படாத பொருளைத் தொடாதே' என்று பள்ளிக்கூடச் சுவரில் குண்டுப் படம் போட்டுப் படிப்பித்த காலத்துப் பிள்ளை நான். கதவுக்குப் பின்னால் நின்று குடைக்கம்பியால் குத்தினேன். கத்தரிக்காய்கள் உருண்டன. மறுநாள் தக்காளி, அதற்கடுத்த நாள் பூசணி. யார் வைப்பது என்று பிடிபடவில்லை.

சந்தேகம் முதலில் விழுந்தது எதிர்வீட்டு ஓகாவாவின் மேல். மரம் ஏற்றும் லொறி ஓட்டி ஓய்ந்தவர். காலையில் நான் திரைச்சீலையை விலக்கினால் அவரும் யன்னலில் நிற்பார். கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல், தோளோடு தோள் ஒட்டி நின்றுவிட்டுப் போவார். என்னோடு படிப்பித்த தனாகா டீச்சரோ ஒருநாள், "உங்கடை உயரம் என்ன? ஊரிலை கேக்கினம்" என்றார். அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

நான் உள்ளே போனால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும். சரி, என்னை அனுப்பப் போகிறார்கள், அதற்குத்தான் வேவு பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவவுக்கு வேறு சந்தேகம்.

"உயரம் கேட்டவையோ? அப்ப பொம்பிளைப் பகுதியடா! ஒருதரும் சும்மா பூசணிக்காய் தரமாட்டினம். பேந்து சாதகம் கேப்பினம், குடுத்திடாதை."

சிரித்தேன். ஆனால் ஒன்றை அம்மாவிடம் சொல்லவில்லை. டீச்சர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: "உங்கடை சொந்த ஊர் எது? அங்கை கோயில் இருக்கோ?"

இந்தக் கேள்வி உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். மொன்றியலில் இன்றைக்கும் கோயிலில் புதிதாக ஒருவர் வந்து, "தம்பி, ஊரிலை எவடம்?" என்று ஆரம்பித்தால் என் முதுகு விறைக்கும். எந்த ஊர் என்று சொன்னால் போதாது. எந்தக் குறிச்சி, எந்த ஒழுங்கை, ஆருடைய பொடியன் என்று தோண்டிக்கொண்டு போய், சாதியைத் தொட்டதும் சிரிப்பு ஒரு சுற்றுக் குறையும். எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமியைத் தோளில் காவும் கொம்பைப் பிடிக்க எங்கள் ஆட்களை விடமாட்டார்கள். என் அப்பா நல்ல உயரம், வைரமான தோள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிவீதியில் தள்ளித்தான் நிற்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மலையில் இலை சிவக்கத் தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம் தனாகா டீச்சர் என்னை ஊர் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். பாயில் வட்டமாக வயதான ஆண்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முடிந்தது கதை, இனிச் சட்டிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓகாவா தொண்டையைச் செருமிவிட்டு நீளமாகப் பேசினார். டீச்சர் சுருக்கிச் சொன்னார்: "திருவிழாவுக்கு உங்கடை தோள் வேணுமாம்."

விஷயம் இதுதான். மலை உச்சிக் கோயிலில் இருந்து சாமியின் பல்லக்கை ஆண்டுக்கொரு முறை செங்குத்தான கற்படிகளால் தோளில் இறக்குவார்கள். இறங்கும்போது முன்கொம்பில் உயரமானவர்கள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் முன்னுக்குச் சரிந்து ஆட்களை உருட்டிவிடும். உயரமான பொடியன்கள் ஊரில் இல்லை. ஆள் சேராவிட்டால் இந்த வருடம் சாமி வெளியே வராது.

கேட்க எல்லோருக்கும் கூச்சம். அதனால்தான் கத்தரிக்காய், அதனால்தான் கடையில் தோள் அளந்தது, அதனால்தான் உயரமும் கோயிலும் விசாரித்தது.

அரிசிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் தலையை ஆட்டினார். "வெளியாள் இதுவரைக்கும் கொம்பு பிடிச்சதில்லை."

அந்த வசனத்தை எனக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். ஓகாவா அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நீ முன்னுக்கு நில்லன்" என்றார். அரிசிக்கடைக்காரர் என் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வருவார். மண்டபமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாளில் தெரிந்து முகம் மாறுவதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் எங்கள் ஆட்களைச் சாமி காவ விடுவதில்லை, நான் யாரென்று தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றேன். டீச்சர் சொல் தேடித் தேடி நெடுநேரம் சொன்னார். ஓகாவா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வரும், இப்போது அந்தச் சிரிப்புக் குறையும் என்று அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன்.

அவர் கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"முழங்கால் எப்பிடி? நோவு இல்லையே?"

திருவிழாவன்று நான் இறக்கினேன், ஐயா. ஈரப் படி, வைக்கோல் செருப்பு, கொம்பு எலும்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் ஓகாவா எனக்கு விளங்காத ஏதோ ஒரு தாளத்துக்குக் கத்திக்கொண்டே வந்தார். நான் 'அரோகரா' என்று கத்தினேன். ஒருவரும் தடுக்கவில்லை. அடிவாரத்துக்கு வந்ததும் தாங்க முடியாமல் அழுதேன். பாரத்தில் அழுகிறான் என்று நினைத்துச் சாராயம் ஊற்றித் தந்தார்கள்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவவிடமிருந்து அப்பா வாங்கினார். தொலைபேசியில் பேசுகிற மனிதரே இல்லை அவர்.

"எந்தத் தோள்?"

"வலம், அப்பா."

"ம்," என்றார். பிறகு, "எண்ணெய் பூசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது அப்பா இல்லை. ஓகாவாவும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், தனாகா டீச்சர் வேறு பட்டணத்தில் இருக்கிறார். போன வருடத் திருவிழாவுக்கு அவர் போய், கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். படியில் ஒருவரும் இல்லை. பின்பக்கக் காட்டுப்பாதையால் வெள்ளைச் சின்ன லொறி ஒன்று மெதுவாக வருகிறது. பல்லக்கை அதில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாலைந்து கிழவர்கள், அரிசிக்கடைக்காரரும் நிற்கிறார், கொம்பில் கை வைத்தபடி லொறியோடு நடக்கிறார்கள்.

நான் கும்பிட்ட கோயில்கள் எத்தனையோ. என் தோளைக் கேட்ட சாமி அது ஒன்றுதான். அதுவும் இப்போது லொறியில் போகிறது.