மிளகு காய்ந்த கட்டிங் மேட்

கத்தரிக்கோல்தான் என் கையைக் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது, கத்தரியை விட்டுவிடுங்கள் என்று நாமக்கல் மருத்துவர் சொன்னதை, தையலையே விட்டுவிடச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் அதையே சொன்னான். கணவரின் அக்காள், நான் நங்கையா என்று அழைப்பவர், அதற்கும் ஒரு படி மேலே போனார். தம் கணவரை இழந்தபின் எங்களுடனேயே வந்துவிட்டவர் அவர். வீட்டுக் காரியங்களில் அவர் சொல்லைத் தாண்டி ஏதும் நடப்பதில்லை.

"மெசின் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா இவ எப்படி உடுவா? அடிவாரத்துல நம்ம சொந்தத்துப் புள்ள ஒண்ணு தைக்கப் பழகுது. அதுக்குக் குடுத்துப்புடு சாமி," என்றார் தம்பியிடம்.

"மொளகு பறிச்சு முடியட்டுங்க அக்கா," என்றார் என் கணவர். முகத்துக்கு நேரே மறுக்க விரும்பாத எதையும் அவர் அறுவடைக்குப் பின்னால் தள்ளிவைப்பார்.

ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே துண்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகினேன். சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் முழுத்துணி கொடுத்துத் தைப்பது அது. மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டுக் குளிருக்கு ஏற்றது. விரல் வலியால் தடித்த புத்தகங்களைக்கூடத் தூக்கிப் பிடிக்க முடியாமல் போன அந்த மாதங்களில், போர்வையும் கைவிட்டுப் போனால் என் பகல்பொழுதில் எனக்கென்று எதுவும் மிஞ்சாது என்று பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் ஒருமுறை மலையிறங்கினால் திரும்ப ஏறாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

என் கணவர் அதை எப்படி அறிந்தாரோ. ஒருநாள் தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். அதில் யாரோ ஒரு பெண், கைப்பிடியின் நுனியில் சிறு சக்கரம் போல் சுழலும் பிளேடைத் துணிமேல் உருட்டிக்கொண்டு போனாள். துணி அதன் பின்னால் இரண்டாகப் பிரிந்தது.

"இதுக்குக் கட்டைவெரல் வேண்டியதில்ல, பாத்தியா?" என்றார்.

அடுத்த வாரம் சேலத்தில், தையல் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நின்றோம். ரோட்டரி கட்டர் என்று கேட்டதும் கடைப்பெண் நாலைந்தை எடுத்து வைத்தாள். இருபத்தெட்டு மில்லிமீட்டர் சக்கரம் வளைவுகளுக்கு நல்லது, ஆனால் நீண்ட பட்டைகளுக்குப் போதாது. அறுபது, பல அடுக்குத் துணியை ஒரே உருட்டில் வெட்டியது. அதன் கனம் என் மணிக்கட்டில் தெரிந்தது. நாற்பத்தைந்து சரியாக இருந்தது. அதிலும் இரண்டு வகை. ஒன்றில் பிளேடை வெளியே தள்ள ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் நகர்த்தவேண்டும். மற்றது வளைந்த பிடி. நான்கு விரல்களால் அழுத்தினால் பிளேடு வெளிவரும், விட்டால் உள்ளே போய்விடும். கடைப்பெண் தந்த துணுக்கில் அதை உருட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு வலியில்லாமல் ஒரு துணியை வெட்டினேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விலை கேட்காமலே அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கக் கட்டிங் மேட் வேண்டும். மரப்பலகையில் உருட்டினால் பிளேடு மழுங்கும். கண்ணாடி போன்ற கெட்டித் தகட்டில் வழுக்கும். கத்தியின் கீறல் தானாக மூடிக்கொள்ளும், அங்குலக் கட்டங்கள் போட்ட பச்சை மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். சுருட்டக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது என்றாள் கடைப்பெண்.

சுருட்டாமல் கொண்டுவந்தோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அது எங்கள் முழங்கால்களுக்கிடையே நின்றபடி சாய்ந்தது.

"ஏனுங்க, கேரம் போர்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

"எங்க ஊட்டுக்காரிக்குங்க. வெளையாடத்தான்," என்றார் என் கணவர்.

வெயில் விஷயத்தைத்தான் வீட்டில் சொல்ல மறந்துபோனோம். மிளகுக் காலத்தில் எங்கள் வீடுகளில் தட்டையாக இருக்கும் எதுவும் உள்ளே இருப்பதில்லை. பாய், தார்ப்பாய், பழைய பேனர் எல்லாம் மொட்டைமாடிக்குப் போய்விடும். மறுநாள் மதியம் நான் மேட்டைத் தேடியபோது அதுவும் அங்கேதான் இருந்தது. கொதிநீரில் முக்கி எடுத்த மிளகு அதன்மேல் சீராகப் பரத்தப்பட்டிருந்தது. மிளகை ஒதுக்கிப் பார்த்தேன். மேட் அப்பளம்போல நெளிந்திருந்தது.

"பச்சையா, மெத்துனு இருந்துச்சு. மொளகு ஒண்ணுகூட உருண்டு ஓடல. நல்ல சாமானா வாங்கியாந்திருக்கான்னு நெனச்சேன்," என்றார் நங்கையா.

"உங்கள உட்டா டி.வி.யையும் படுக்கப் போட்டு மொளகு காய வெப்பீங்க அக்கா," என்றார் என் கணவர்.

யாரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே வந்து கட்டரை உறைக்குள் வைத்தேன். நங்கையா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மாலையே அவர் மேட்டை சிமென்ட் தரையில் கிடத்தி, ராகி மூட்டைகளை இழுத்துவந்து மேலே வரிசையாக அடுக்கினார். உதவப்போன தம்பியைத் தள்ளிப்போகச் சொன்னார். சில நாள் கழித்து எடுத்தபோது ஏறக்குறையச் சமனாகியிருந்தது. ஒரு விளிம்பு மட்டும் படியவில்லை. வெட்டு நேராக வரத் துணிமேல் வைக்கும் அளவுகோல் அந்தப் பக்கம் ஆடியது, வெட்டு விலகியது. நன்றாக அழுத்திப் பிடிக்க என் இடது கைக்கும் வலுவில்லை. இரண்டு பட்டைகள் வீணாயின.

நங்கையா எதிரில் வந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அளவுகோலின்மேல் ஊன்றினார்.

"நான் அமுக்கறேன், நீ உருட்டு கண்ணு. என்ர வெரல வெட்டிப்புடாத. அப்பறம் மொளகு உருவ ஆளில்ல."

உருட்டினேன். பட்டை பிரிந்து வந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நூல் புடிச்சாப்ல இருக்குது," என்றார்.

அதன்பின் பிற்பகல்களில் எதிரெதிரே அமர்ந்து வெட்டினோம். நிறங்களைப் பற்றி அவருக்கு அழுத்தமான கருத்துகள் இருந்தன. பெரும்பாலும் அவை சரியாகவும் இருந்தன. புது மேட் வாங்கிவரட்டுமா என்று கணவர் கேட்டபோது, இருக்கட்டும் என்றேன். அறுவடை முடிந்ததும் அடிவாரத்திலிருந்து மெஷினைக் கேட்டு ஆள் வந்தது. வாசலுக்குப் போனவர் நங்கையாதான்.

"அது இப்பக் குடுக்க முடியாதுங்க. எங்களுக்கு வேலை கெடக்குது," என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினார்.

‘எங்களுக்கு’ என்று நங்கையா சொன்னதைக் கேட்டு, உள்ளே இருந்த என் கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாதாடாமல், விளக்கம் கேட்காமல், என் பகல்பொழுதை எனக்கு மீட்டுத் தந்தவர் அவர். உயிரோடிருந்தபோது அதற்கு நன்றி சொல்லும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது; சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துபோனார்.

போன மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே காலமானார். மகன் ஞாயிறுதோறும் அழைக்கிறான், தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். வேலை முடியட்டும் என்கிறேன். வீட்டில் இப்போது நங்கையாவும் நானும் இருக்கிறோம்.