பட்டைச் சக்கையில் வந்த கல்யாண கேக்

2002-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய குடியிருப்பில் இருக்கும் சிறிய தேவாலயத்தில் என் மனைவியின் தங்கைக்குத் திருமணம். கேக்கை என் மனைவியே செய்திருந்தாள். அவள் செய்த முதல் கல்யாண கேக் அது. "கடையிலயே சொல்லிடலாமேம்மா" என்று என் மாமியார் தயங்கியும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு அடுக்கு, மேலே வெள்ளை ஐசிங்கில் மல்லிகை மொட்டுகள். அது சிதையாமல் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் அன்று அவளுடைய ஒரே கவலை.

வருவதாகச் சொன்ன கார் வரவில்லை. ஆட்டோ குலுக்கும் என்றாள். கடைசியில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால், கேக் பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தாள்.

என் மைத்துனன் ஆம்பூரில் மெக்கானிக். முந்தின நாள்தான் எனக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தான்.

"வெளிநாட்டு வண்டில ஏபிஎஸ்னு ஒரு பிரேக் மாமா. எவ்ளோ அழுத்தினாலும் சக்கரம் லாக் ஆவாது. அதுவே புடிக்கும், அதுவே விடும். மணல்ல கூட சறுக்காது."

"மணல்ல உடனே நிக்குமா?"

கொஞ்சம் யோசித்தான். "அது தெரியல மாமா. ஓட்டுனவன் எவனையும் நான் பாத்ததில்ல."

இரவு நல்ல மழை. தேவாலயத்துக்குப் போகும் சந்து சரிவானது. மழை பெய்தால் முழுக்கச் சேறு. தோலைப் பதனிட ஊறவைத்து எடுத்த மரப்பட்டையின் சக்கையைச் சேற்றின் மேல் கொட்டி நிரவுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் காலில் சேறு படக்கூடாதென்று, அந்தத் தெருக்காரர்கள் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொட்டிவிட்டார்கள். அன்பு ஜாஸ்தி. நடப்பவர்களுக்கு மெத்தை போலத்தான் இருந்தது.

சரிவில் இறங்கியதும் கால் பிரேக்கை மிதித்தேன். ஈரச் சக்கையில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. என் தோளை ஒரு கை இறுகப் பற்றியது. சட்டென்று மைத்துனன் சொன்னது நினைவுக்கு வர, காலை எடுத்தேன். வண்டி நிமிர்ந்தது. மிதித்தேன், விட்டேன். மறுபடி மிதித்தேன், விட்டேன். அந்த வெளிநாட்டு பிரேக் செய்யும் வேலையை என் வலது கால் செய்தது.

வண்டி விழவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

தேவாலய வாசலில் இருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் எங்களைக் கண்டதும் வாசிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாங்கள் நடுவில் நிதானமாகக் கடந்து போனோம்.

"என்னங்க, சர்ச்சு போயிடுச்சுங்க."

"தெரியுது."

சக்கை தீர்ந்து சேறு தொடங்கும் இடத்தில், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் வண்டி தானாக நின்றது. சமையல்காரர் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார்: "இன்னா சார், ஜெபம் எல்லாம் வேணாமா? நேரா சாப்பாட்டுக்கே வந்துட்டீங்க."

மனைவி இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் பெட்டியை வைத்து மூடியைத் தூக்கினாள். ஒரு மொட்டுகூட உதிரவில்லை. அப்போதுதான் மூச்சுவிட்டாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. கேக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தானே ஏந்திக்கொண்டு சந்தில் திரும்பி நடந்தாள். பேண்டுக்காரர்கள் அவள் பின்னால் சேர்ந்துகொள்ள, மணப்பெண்ணுக்கு முன்பே கேக்குக்கு ஊர்வலம் நடந்துவிட்டது. மாமியார் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பெரியவ செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மைத்துனன் ஓடி வந்தான். "பாத்தீங்களா மாமா, விழலயே."

"நிக்கலயேடா."

"ரெண்டையும் ஒரே பிரேக்ல கேட்டா எப்படி மாமா?"

சரளையோ மணலோ கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் நான் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஆனாலும் கால் நழுவுகிற வேளைகளில், விழாமல் இருந்தால் போதும், தள்ளிப்போய் நின்றாலும் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்து வந்துவிடலாம் என்ற தைரியத்தை அந்தச் சந்துதான் எனக்கு இன்றும் தருகிறது.