'வாரேன்' என்று பாடியது யார்?

தொண்ணூறுகளின் நடுவில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேசட் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். சேர்ந்த புதிதில் நான் பார்த்த பெரிய சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக நடந்தது.

அப்போது சினிமாவைச் சேராத ஒரு தமிழ் ஆல்பம் வந்திருந்தது. எட்டுப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. பிரிந்துபோன ஓர் ஆணும் பெண்ணும். அவர்கள் கணவன் மனைவியா, கூடப் பிறந்தவர்களா என்றுகூடச் சொல்லவில்லை. அட்டையிலும் பாட்டு வரிசை கிடையாது, வெறும் படம்தான். அதனால் சனிக்கிழமை சாயங்காலமானால் ரசிகர்கள் கடைக்கு வந்து அர்த்தம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்களில் இரண்டு பேர் விடாக்கண்டர்கள். கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த ரஃபீக் பாய் ஒருவர். பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வரும் சுகந்தி டீச்சர் இன்னொருவர். 'பை கனக்குது, வண்டி நிக்குது, வாரேன்' என்ற வரிதான் தகராறு.

"நம்மூர்ல கெளம்பறவன் போறேன்னா சொல்லுவான்? வாரேன்னுதானுங்க சொல்லுவான். அவன் ஊட்டை விட்டுப் போறான் டீச்சர்" என்றார் பாய்.

"கடைசிப் பாட்டுல போயி யாராச்சும் கெளம்புவாங்களா? அவன் திரும்பி வாரானுங்க."

"கடைசிப் பாட்டா? அது நாலாவது பாட்டுங்க!"

இருவருடைய கேசட்டையும் வாங்கி டெக்கில் போட்டுப் பார்த்தேன். டீச்சருடையதில் ஏ சைடு லேபிள் பி சைடில் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் அவர் கதையின் பின்பாதியை முதலில் கேட்டிருக்கிறார். சரியான வரிசையில் கேட்டால் கதை பூட்டிய வீட்டில் முடிகிறது.

முதலாளி உள்ளேயிருந்து, "அம்மணி, டீச்சருக்கு நல்ல பீஸ் ஒண்ணு எடுத்துக் குடுத்துரு" என்றார்.

டீச்சர் கேசட்டைக் கையால் மூடிக்கொண்டார். "வேண்டாமுங்க. எங்கண்ணன் வேற சாதியில கட்டுனான். அப்பா பேச்சைக் கேட்டு அந்தக் கல்யாணத்துக்கு நானும் போகலீங்க. அப்பா போயும் வருசமாச்சு. இதைக் கேட்டுக்கேட்டுத்தான் அவன் வருவான்னு இருக்கேன்."

ஜெயித்துவிட்ட பாயின் முகம் தொங்கிப்போனது. அந்தப் பாட்டை அவரே ரீவைண்ட் பண்ணி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"டீச்சர், நாம அவன் போறானா வாரானான்னே சண்டை போட்டுட்டிருந்தோம். இந்த எடத்துல ரெண்டு குரலுங்க. அடியில அந்தப் பொண்ணும் வாரேன்ங்குது பாருங்க."

நான் சத்தத்தைக் கூட்டினேன். இருந்தது. வெறும் ஒத்துப்பாட்டு என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்ட குரல்.

"அவ எங்கீங்க போறா?" என்றார் டீச்சர்.

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும்."

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன். அந்த அண்ணன் கதவைத் தொறக்கலீன்னா என்னாகிறது?" என்று பாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார். பின்னால் நெட்டையாக ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி.

"எங்கண்ணனும் அண்ணியும். நாந்தான் பவானிக்கு இவங்க ஊட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். பாய் எழுந்து தன் ஸ்டூலை அந்த அண்ணிக்குப் போட்டார்.

அண்ணன் பாட்டை முழுக்கக் கேட்டார். "இதுல யாரும் போகவும் இல்ல, வரவும் இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறாங்க" என்றார்.

"சும்மா இருண்ணா, உனக்கென்ன தெரியும்!" என்று டீச்சர் சீற, ரஃபீக் பாய் அந்த அண்ணன் பக்கம் சேர்ந்துகொள்ள, அன்றைக்குக் கடையை நேரத்துக்கு மூட முடியவில்லை.

அதன்பிறகு அந்த வேலையில் இருந்தவரை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது ஒரு பாட்டுக்கு விசித்திரமாக அர்த்தம் சொன்னால், 'அப்படி இல்லீங்க' என்று வாயெடுக்க மாட்டேன். 'நீங்க எங்கிருந்து கேட்டுட்டு வாரீங்க?' என்றுதான் கேட்பேன்.