இருசப்பனின் மீசையும் ஒரு ‘ல்’லும்

திருவண்ணாமலையில் இருசப்பன் மேலாளராக இருக்கும் லாட்ஜின் பெயர் ஆட்டோக்காரர்களுக்கு மறந்துபோனாலும் மீசைக்காரர் லாட்ஜ் என்றால் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை ஒன்று அந்த மீசையைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, விலாசத்தைப் பின்கோடு உட்படச் சொன்னதாம். பொய் என்பவர்கள் மீசையை நேரில் பார்த்ததில்லை.

அந்த மீசையைத்தான் சனிக்கிழமை காலை அவர் பந்தயத்தில் வைத்தார்.

லாட்ஜுக்கு எதிரே அன்புச்செல்வியின் டீக்கடை. மெத்தைக்கடை அப்துல் ரசாக் பாயும் இருசப்பனும் தினமும் அங்கேதான் சண்டை போடுவார்கள். சண்டையில்லாத நாளில் டீயில் ருசியில்லை என்று இருவருமே குறைப்பட்டுக்கொள்வார்கள். அன்று பாய் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கணக்கை, வாய் நிறைய பன்னோடு வாசித்தார். முப்பதைப் பாதியால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் எவ்வளவு?

இருசப்பன் கண் இமைக்கவில்லை. பாதி பதினைந்து, பத்தைச் சேர்த்தால் இருபத்தைந்து என்றார். பாய் எழுபது என்றார். மிச்சமிருந்த பன்னைப் பிய்த்தும் காட்டினார்.

“ஒரு பன்னுல ரெண்டு பாதி. முப்பது பன்னுல எத்தினி பாதி? அறுபது. பத்து சேரு.”

“பாதியா வகுன்னுதான பாய் சொன்ன? பாதியா வகுத்தா பதினஞ்சு.”

“பாதியா இல்ல இருசப்பா, பாதியால.”

அந்த ‘ல்’ பன்னோடு சேர்ந்து பாயின் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. பன் இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்தில் கடைசி எழுத்து பாதி விழுங்கப்பட்டுத்தான் வெளியே வரும். ஆனால் கூட்டம் கூடிவிட்ட இடத்தில் யார் எழுத்தைத் தேடுவார்கள்? இருபத்தைந்து இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுவதாக இருசப்பன் சொல்லிவிட்டார். பாயின் மகள் ரூக்ஸாரின் போனில் கணக்குப் போடும் ஆப் இருந்தது. கேள்வியை வாயால் சொன்னால் போதும், பதில் வரும். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அது சொல்வதே தீர்ப்பு என்று முடிவானது.

லாட்ஜுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இருசப்பனுக்கு அது உறைத்தது. மறுநாள் மகள் கீர்த்தனாவுக்கு நிச்சயதார்த்தம். பெற்றவள் போனால்தான் மகன் மீசையை எடுப்பான். அவரைப் பெற்றவளோ கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு திடமாக இருக்கிறாள். மழித்த முகத்தோடு வாசலில் நின்றால் சம்பந்தி வீட்டார் தட்டைக் கீழே வைக்கக்கூட மாட்டார்கள். எப்போது தவறினார்கள், ஏன் சொல்லவில்லை என்பார்கள். உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னாலோ, அபசகுனம் பிடித்த வீடு என்று திரும்பிப் போவார்கள்.

மேசைக்கடியில் குனிந்து, அதே ஆப்பைத் தன் போனில் இறக்கிக் கேள்வியை முணுமுணுத்தார். இருபத்தைந்து என்றது. உயிர் வந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள நிறுத்தி நிதானமாகக் கேட்டார். எழுபது என்றது. வேறொரு ஆப்பில் கேட்டார். அவசரமாகக் கேட்டால் இருபத்தைந்து, அழுத்திக் கேட்டால் எழுபது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்ட ஈரோட்டுக்காரரிடம் எழுபது என்று சொல்லிவைத்தார்.

பகலெல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்குப் புரிந்துபோனது. கணக்கு எங்கேயும் தப்பவில்லை. நாக்கு நுனி மேலே தொட்டால் மீசை போகும், தொடாவிட்டால் தங்கும். சாயங்காலம் பாயின் நாக்கு என்ன செய்யுமோ?

நடுவில் மனைவி திரௌபதி போன் செய்தாள்.

“மீசையக் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க. சம்பந்தியம்மா பயந்துடப் போறாங்க.”

சரியென்று போனை வைத்துவிட்டு மறுபடியும் ஆப்பைத் திறந்தார்.

சாயங்காலம் டீக்கடையில் ஆட்டோ ஸ்டாண்டே திரண்டிருந்தது. பாய் தொழுதுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, செய்தி வாசிப்பவர் மாதிரித் தொண்டையைச் செருமினார். இருசப்பன் குறுக்கே கையை நீட்டினார்.

“காலைல எப்படிக் கேட்டியோ அப்படியே கேளு பாய். பன்னோட.”

நியாயம்தான் என்று கூட்டம் சொன்னது. அன்புச்செல்வி ஒரு பன்னை எடுத்து நீட்டினாள். பாய் கடித்தார், மென்றார், கேட்டார். போனில் வட்டம் சுழன்றது. ரூக்ஸார் வந்ததை வாசித்தாள்: கேள்வியை இரண்டு விதமாகக் கொள்ளலாம். பாதியாக வகுத்தால் இருபத்தைந்து. பாதியால் வகுத்தால் எழுபது.

இருசப்பன் மூச்சு விடுவதற்குள் அன்புச்செல்வி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“ஆளுக்குப் பாதி ஜெயிச்சீங்க. அப்போ பாதி மீசை.”

ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவன் சலூன்காரரைக் கூப்பிடவே ஓடினான். முழு மீசை போனாலாவது துக்கம் என்பார்கள். பாதி போனால் பைத்தியம் என்பார்களே! இருசப்பன் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க பாய். நாளைக்கு நிச்சயம்.”

பாயின் முகம் மாறியது. மண்டபத்துக்கு ஜமுக்காளம் அவர் கடையிலிருந்துதான் போகிறது. ஆனாலும் மீசைக்கும் நிச்சயத்துக்கும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. பந்தயத்தைக் கைவிடலாம் என்றார். கூட்டம் விடவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பாதி என்பது தீர்ப்பு, ஆனால் எப்படி வகுப்பது என்று போனே சொல்லவில்லையே என்றார்.

“பாதியா வகுத்தா அரை மீசை. என் கணக்குல ஒண்ணைப் பாதியால வகுத்தா ரெண்டு, ரெண்டு பக்கமும் அப்படியே நிக்கும். நீயே சொல்லு இருசப்பா, உன் மீசைய எப்படி வகுக்கணும்?”

நாள் முழுக்க அந்த எழுத்து பாயின் வாயில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர் இருசப்பன். இப்போது சொன்னால் பாயின் கணக்கை ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாக்கை மேலே அழுத்தினார்.

“பாதியால்.”

அந்த ‘ல்’ மலையில் மோதித் திரும்பி வந்ததாக அன்புச்செல்வி இன்றைக்கும் சொல்கிறாள்.