காருக்குப் பக்கத்தில் நில்லுங்கோ அண்ணி

பிலேந்திரனின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட முடிந்திருந்தால் அனஸ்ரேசியாவின் விடுமுறை தப்பியிருக்கும். ஒஸ்லோவில் தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் ஒரு கோப்பி குடிக்கும் நேரம், அவ்வளவுதான். அதற்குள் மனுசன், "யூலையிலை ஸ்கொட்லாந்து போறம்" என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டான். அன்று பின்னேரமே, ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகெட்டோவில் இருந்த அவர்கள் வீட்டில் தொலைபேசி அடித்தது.

"அண்ணி, நாங்கள் இஞ்சை உயிரோடை இருக்கிறது உங்களுக்குத் தெரியாதோ?"

அல்பேர்ட். பிலேந்திரனின் சித்தப்பா மகன். மன்னாரில் அனஸ்ரேசியாவின் தாய் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி வளர்ந்தவன், இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறான். "நாங்கள் இருக்க நீங்கள் ஹோட்டலிலை நிண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டான்.

சனம் எப்போது கதைக்காமல் இருந்தது? அனஸ்ரேசியா பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லைத் தம்பி, மூண்டு நாள்தானே, ரூம் போட்டாச்சு" என்றாள். சொல்லிவிட்டு, கதிரையில் இருந்து ஒன்றுமே அறியாதவன் போல் செய்தி பார்த்துக்கொண்டிருந்த புருசனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

அந்த அறை ஏன் வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் வேலை செய்கிற மருத்துவமனைச் சமையலறையில், பாத்திரம் கழுவும் மெஷினுக்கு மேலே, யாரோ ஒரு கலண்டரை மாட்டியிருந்தார்கள். இரண்டாயிரத்து ஆறு, ஏப்ரல் மாதத்துப் படம் கிரேக்னெஸ் என்ற ஸ்கொட்லாந்து மீன்பிடிப் பட்டினம். படி வைத்த கூரை வீடுகள், கல்லால் கட்டிய துறைமுகம். மூலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்: பீப்பாய்களுக்கு முன்னால் மூன்று பெண்கள். நூறு வருடத்துக்கு முன்பு கரையோரமெல்லாம் ஊர் ஊராகப் போய் ஹெரிங் மீன் வெட்டியவர்கள் என்று கீழே எழுதியிருந்தது. அவர்களுடைய விரல்களில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. துணியா, அச்சில் வந்த அழுக்கா? கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. பெரிய படம் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். அந்த விரல்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மகள் யூலியாதான் இணையத்தில் அறை பிடித்துக் கொடுத்தாள். பதினாறு வயது, பள்ளிக்கூடத்துக் கோடை முகாமுக்குப் போவதால் கூட வரவில்லை. "அம்மா, மீன் மணத்துக்கு மைனஸ் பத்திலையும் யன்னல் திறக்கிற ஆள் நீங்கள். லீவுக்கு மீன் ஊருக்கோ போறீங்கள்?" என்று சிரித்தாள். அனஸ்ரேசியா காரணம் சொல்லவில்லை. துறைமுகத்தைப் பார்த்த யன்னல் இருக்க வேண்டும், காலைச் சாப்பாட்டை வேறு யாராவது சமைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

எடின்பரோ விமான நிலையத்தில் அல்பேர்ட் கையில் பூக்கொத்தோடு நின்றான். கழுத்தில் புது டிஜிட்டல் கமரா.

"அண்ணி, அந்த ரூமை நான் ஃபோன் பண்ணிக் கான்சல் பண்ணிப்போட்டன். அண்ணைதான் நம்பர் தந்தவர்."

அனஸ்ரேசியா புருசன் பக்கம் திரும்பினாள். பிலேந்திரன் பெட்டியின் சில்லைக் குனிந்து ஆராய்ந்தான். பாசத்தோடு செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? இந்த உறவுகள் செய்கிற அநியாயத்துக்கெல்லாம் முன்னால் ஒரு பூக்கொத்து வந்துவிடுகிறது.

"முதல்லை ஒரு படம் எடுப்பம். காருக்குப் பக்கத்தில் நில்லுங்கோ அண்ணி. நீங்கள் முந்தி ஊருக்கு அனுப்பின அந்தக் கோட் போட்ட படம் மாதிரி. அது இப்பவும் உங்கடை அம்மான்ரை ஷோகேசிலை இருக்கு. நாங்கள் சின்னனிலை அதைப் பாத்துத்தான், வெளிநாடெண்டால் இப்பிடி எண்டு நினைச்சனாங்கள்."

நின்றாள். சிரிக்கச் சொன்னான், சிரித்தாள்.

முதல் நாள் கிளாஸ்கோவில் நான்கு வீடு. நான்கிலும் பற்றிஸ், நான்கிலும் தேத்தண்ணி, நான்கிலும் "ஒஸ்லோவிலை குளிரோ?" இரண்டாம் நாள் யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு டிவிடி, மூன்று மணி நேரம். அந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியாது. பிலேந்திரனுக்கும் தெரியாது. இருந்தும் அவன், "நல்ல வடிவான மேடை" என்றான். அந்த இடத்தில் அவனைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

மூன்றாம் நாள்தான் கடைசி. காலை எட்டு மணிக்கு வெளிக்கிடுவது என்று பேச்சு. எட்டுக்கு அல்பேர்ட்டின் மனைவி ஜெசிந்தா கட்லட் உருட்டத் தொடங்கினாள்.

"அங்கை ஒரு கடையும் இல்லையோ பிள்ளை?" என்று அனஸ்ரேசியா கேட்டாள்.

"அவங்கடை சாப்பாட்டை மனுசர் தின்னுவினமோ, அக்கா? நீங்கள் சும்மா இருங்கோ. நான் எல்லாம் செய்யிறன்."

சோறு, கோழிக்கறி, பருப்பு, கட்லட், ஒரு பெரிய வாளி தயிர். பன்னிரண்டரைக்குக் கார் கிளம்பியது. நடுவழியில் ஜெசிந்தாவின் ஒன்றுவிட்ட தமையன் வீடு. "அஞ்சு நிமிசம்" என்றார்கள். ஒரு மணி நேரம் போனது. கிரேக்னெஸ் துறைமுகத்தில் கார் நின்றபோது நாலு மணி, அடை மழை. கண்ணாடிக்கு வெளியே கலண்டரில் பார்த்த அதே கூரைகள். துறைமுகத்து முனையில் அருங்காட்சியகம். ஐந்துக்குப் பூட்டுவோம் என்று வாசலில் பலகை தொங்கியது.

"முதல்லை சாப்பிடுவம்" என்றான் அல்பேர்ட். காருக்குள்ளேயே கோப்பைகளில் சாப்பாடு பரிமாறப்பட்டது. "மியூசியம் என்னத்துக்கு அண்ணி? பழைய வள்ளமும் வலையும். மன்னாரிலை நாங்கள் பாக்காததோ?"

அவள் மடியில் சோற்றுக் கோப்பை. இரண்டு வாய் சாப்பிட்டாள். நாலு பத்து. ஜெசிந்தா இன்னொரு கட்லட்டை வைத்தாள். அந்தக் கட்லட்டோடு அனஸ்ரேசியாவின் பொறுமை முடிந்தது. கோப்பையை அப்படியே பிலேந்திரனின் மடியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினாள். "அண்ணி, குடை!" என்று பின்னால் கூப்பிட்டார்கள். திரும்பவே இல்லை.

உள்ளே ஆள் உயரத்துக்கு அந்தப் படம் சுவரில் இருந்தது.

துணிதான். மாவு மூட்டையைக் கிழித்த துணியை ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கத்தி வெட்டாமல் இருக்க, வெட்டிய இடத்தில் உப்பு ஏறாமல் இருக்க. ஒருத்தி கையை மடியில் வைத்துக்கொண்டு கமராவை நேரே பார்த்துச் சிரித்தாள். ஒளிக்கவில்லை.

அனஸ்ரேசியா ஒளித்தாள். நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில், எட்டு வருடம். கண்ணாடி மேசைக்குக் கீழே லைற் எரியும், கொட் மீன் துண்டில் தெரிகிற புழுவைக் கத்தி நுனியால் எடுக்க வேண்டும். ரப்பர் கையுறைக்குள்ளும் விரல் வெடிக்கும். பிலேந்திரன் அப்போது பக்கத்து மேசை. மன்னாரில் அவளுடைய அப்பா தலைமை வாத்தியார். மகளுக்கு ஒஃபிஸ் வேலை என்று ஊருக்கு எழுதியாயிற்று. மேற்பார்வையாளரின் காருக்குப் பக்கத்தில், இரவல் கோட்டோடு எடுத்த படத்தில் கை இரண்டும் பொக்கற்றுக்குள் இருக்கும். அது குளிருக்கு அல்ல. வேலை உடுப்போடு, துணி கட்டின விரலோடு, ஒரு நோர்வேக்காரி எடுத்துக் கொடுத்த படம் ஒன்று இருந்தது. தவறிப் போய்த் தபாலில் சேர்ந்துவிடும் என்று பயந்து அதைக் கிழித்துப்போட்டாள். கிழித்த கையை இப்போது என்ன செய்யலாம் என்றிருந்தது.

"அண்ணி, சோறு ஆறுது!" அல்பேர்ட் நனைந்தபடி வந்து நின்றான். பின்னால் பிலேந்திரன்.

"தம்பி, என்னை இதிலை வைச்சு ஒரு படம் எடு."

அல்பேர்ட் சுவரைப் பார்த்தான். "இந்த மீன் வெட்டிற பொம்பிளையளோடையோ? வேண்டாம் அண்ணி. மழை விடட்டும், வெளியிலை காருக்குப் பக்கத்தில் நில்லுங்கோ."

"உன்ரை காரும் நீயும்!" அவள் போட்ட சத்தத்தில் நுழைவுச்சீட்டு மேசையில் இருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "நானும் மீன் வெட்டினவள்தான். எட்டு வருசம். ஒஃபிஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கோட்டும் என்ரை இல்லை!"

அல்பேர்ட் வாயைத் திறந்தபடி அண்ணனைப் பார்த்தான். வாயை மூடத் தெரியாத பிலேந்திரன் இந்த ஒன்றை மட்டும் இருபது வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது தம்பியின் கழுத்திலிருந்து கமராவைக் கழற்றினான்.

"நான் உடுக்கிற சாரத்தைக் கிழிச்சுத்தான் விரலிலை கட்டினவ" என்று அல்பேர்ட்டிடம் சொன்னான். "ரெண்டு சாரம் முடிஞ்சுது." பிறகு அவளைப் பார்த்து, "இஞ்சேரும், கையை முன்னுக்குப் பிடியும்" என்றான்.

பிடித்தாள். கண் நிறைந்து, எதிரே நின்றவன் கலங்கித் தெரிந்தான்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, அல்பேர்ட் இமெயிலில் அனுப்பிய படத்தைக் கடையில் கொடுத்து அச்சடித்து எடுத்தால், அந்த மூன்று பெண்களும் முழுதாக இருந்தார்கள். அனஸ்ரேசியாவுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. ஒரு படம் ஒழுங்காக எடுக்கத் தெரியாத மனுசன்! கடையிலிருந்து ஹவுகெட்டோ ஸ்டேசன் வரை ரெயிலில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் பத்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. நடு விரலில் இன்னும் மறையாத வெட்டுத் தழும்பு கூடத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையில் இருந்து, அந்தப் படத்தைக் கடித உறைக்குள் வைத்து, அம்மாவின் மன்னார் விலாசத்தை எழுதினாள்.

பிலேந்திரன் எட்டிப் பார்த்துப் பதறினான். "தலை இல்லாத படத்தையோ அனுப்பப் போறீர்?"

"தலை அங்கை ஷோகேசிலை இருக்கு" என்றாள் அனஸ்ரேசியா. "கைதான் இல்லை."